பழைய வானமும் புதிய பொறியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவதும் இசை கேட்பதும் நம் வழக்கம். இன்று நான் பேச வந்த பொருளோ ஒரு கணிப்பொறி விளையாட்டு. விளையாட்டிற்கு இவ்வவையில் என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். நம்மிற் சிலருடைய வீட்டு அலமாரியில் உறங்கும் ஒரு பழைய வட்டினுள், நாம் வாழும் இந்நகரின் ஒரு பகுதியே அடங்கிக் கிடக்கிறது. அதனை எடுத்துக் காட்டினால் அந்த ஐயம் அகலும் என நம்புகிறேன்.

1940-ஆம் ஆண்டின் இறுதியில் வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் இந்நகரில் விமானத் தொழிற்சாலையை நிறுவினார். தமிழகத்திலிருந்து வந்து அங்கே தொழில் புரிந்து, இங்கேயே வேரூன்றிய குடும்பங்கள் பல. அத்தொழிற்சாலையை ஒட்டிய எச்.ஏ.எல். ஓடுபாதையிலிருந்துதான் 1961 ஜூன் 17-ஆம் நாள் மாருத் போர் விமானம் முதன்முதல் வானேறிற்று. பின்னாளில் தேஜஸ் எனப் பெயர் பெற்ற இலகு போர் விமானம் 2001 ஜனவரி 4-ஆம் நாள் எழுந்ததும் அங்கிருந்தே. அதற்கு முன்னரே அதனைத் தரையிலிருந்தபடி ஓட்டிப் பழகுதற்குரிய பாவனைப் பொறியை இந்நகரத்து ஏ.டி.இ. என்னும் அரசு ஆய்வு நிறுவனத்தார் ஆக்கி வைத்திருந்தனர்.

அத்தகைய பாவனையை வீட்டு மேசைக்குக் கொண்டு வந்தவர் அமெரிக்கரான புரூஸ் ஆர்ட்விக். அவருடைய படைப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் 1982-ஆம் ஆண்டில் 'ஃபிளைட் சிமுலேட்டர்' என்னும் பெயரால் வெளியிட்டது. ஐ.பி.எம். கணிப்பொறியைப் போலவே இயங்கும் என்று சொல்லிப் பிறர் பொறி விற்ற அந்நாளில், "இந்த விளையாட்டு ஓடுமா?" என்று கேட்டே அப்பொறியைச் சோதித்தனர். அன்று பொறிகளுக்கு உரைகல்லாய் இருந்த விளையாட்டே இன்று புதிய பொறிகளில் ஓட இயலாமல் நிற்பது காலத்தின் விந்தையன்றோ?

2003-ஆம் ஆண்டிலும் 2006-ஆம் ஆண்டிலும் வெளிவந்த அதன் பதிப்புகளில் உலகத்து விமான நிலையங்கள் 20,000-க்கும் மேற்பட்டவை இடம்பெற்றன. அவற்றில் பெங்களூரு என்று தேடினால் நாம் சென்று நிற்கும் இடம் எச்.ஏ.எல். ஓடுபாதையே. தேவனஹள்ளி நிலையம் அங்கே இல்லை. அது தொடங்கியது 2008 மே 24-ஆம் நாளில். அன்றோடு அன்றாடப் பயணிகள் விமானங்கள் பழைய நிலையத்தை விட்டு நீங்கின. சொந்த ஊரிலிருந்து வந்த உறவினரை வரவேற்கவும், கடல் கடந்து செல்லும் மக்களை வழியனுப்பவும் நம் குடும்பங்கள் காத்து நின்ற இடம் அது. இன்று பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் அதனை அறியார். அவ்வட்டை ஓட்டினால் அறிவர்.

சிகாகோ நகரத்து மெய்க்ஸ் நிலையத்தின் வரலாறும் இதனை ஒத்தது. நெடுங்காலம் இந்த விளையாட்டைத் திறந்தோர் முதலில் கண்டது ஏரிக்கரையில் அமைந்த அந்தச் சிறு ஓடுபாதையையே. 2003 மார்ச் 30-ஆம் நாள் இரவு, நகரத் தலைவரின் ஆணைப்படி அவ்வோடுபாதையைப் பொறிகளால் தோண்டிச் சிதைத்துவிட்டனர். மண்ணில் மறைந்த அந்நிலையம் பழைய பதிப்புகளில் இன்றும் அழியாமல் நிற்கிறது.

அங்ஙனமாயின் அவ்வட்டைப் புதிய கணிப்பொறியில் இட்டவுடன் ஏன் ஓடுவதில்லை? காரணங்களைச் சுருங்கச் சொல்வேன். முதலாவது, மிகப் பழைய பதிப்புகள் 16 பிட் முறையில் எழுதப்பட்டவை. இன்றைய 64 பிட் விண்டோஸ் அவற்றை ஏற்பதில்லை. இரண்டாவது, 4.77 மெகாஹெர்ட்ஸ் விரைவுடைய பொறிக்கென எழுதிய நிரல் சில, இன்றைய விரைவில் கட்டுக்கடங்காமல் ஓடிவிடும். மூன்றாவது, கள்ளப் படியைத் தடுக்கப் பல விளையாட்டு வட்டுகளில் 'சேஃப்டிஸ்க்' என்னும் பூட்டு இருந்தது. பாதுகாப்புக் குறை கருதி 2015-இல் வந்த விண்டோஸ் 10 அப்பூட்டிற்கு இடமளிக்கவில்லை. ஆகவே பணம் கொடுத்து வாங்கியவர்க்கும் கதவு திறப்பதில்லை. நான்காவது, படம் வரையும் முறையும், கைப்பிடியைப் பொருத்தும் துளையுமே மாறிவிட்டன.

நோய்க்கு மருந்தும் உண்டு. டாஸ் காலத்துப் பதிப்புகளுக்கு, 2002-இல் தோன்றிய 'டாஸ்பாக்ஸ்' என்னும் இலவச நிரல் பழைய கணிப்பொறியைப் போலவே நடித்து, விரைவையும் வேண்டிய அளவிற்குக் குறைத்துத் தரும். விண்டோஸ் 98 காலத்துப் பதிப்புகளுக்குப் புதிய பொறியினுள்ளேயே ஒரு பாவனைப் பொறியை அமைத்து, அதில் பழைய விண்டோசை நிறுவலாம். பழைய பட முறையைப் புதியதாக மொழிபெயர்த்துத் தரும் 'டிஜிவூடூ' போன்ற நிரல்களும் உள. 2006-ஆம் ஆண்டுப் பதிப்பை 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்னும் உறைக்குள் வையாமல் தனி உறையில் நிறுவினால், எழுதும் உரிமை பற்றிய தொல்லைகள் பெரும்பாலும் நீங்கும். பூட்டை உடைத்த கோப்புகளை முகம் தெரியாதாரிடம் பெறுதல் மட்டும் வேண்டா. அவற்றுடன் கேடு தரும் நிரல்களும் வந்து சேரக்கூடும். வட்டே இல்லாதவர்க்கு 'ஃபிளைட்கியர்' என்னும் இலவசப் பாவனை நிரல் உண்டு. ஆனால் பழைய பதிப்பில் உறையும் அந்நாளைய உலகத்தை அதனிடம் எதிர்பார்த்தல் இயலாது.

இவ்வளவு பாடுபடுவதால் பயன் என்னை? பயன் இரண்டு. ஒன்று அறிவு. எச்.ஏ.எல். ஓடுபாதை கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,900 அடி மேலே உள்ளது. இங்கே காற்றின் அடர்த்தி குறைவு. ஆதலின் ஒரே எடையுள்ள விமானம் மீனம்பாக்கத்தைக் காட்டிலும் இங்கே அதிக தொலைவு ஓடிய பின்னரே எழும். பாடநூலில் படித்து மறக்கும் இவ்வுண்மையைப் பிள்ளைகள் தம் கையால் கண்டறிவர். ஓடுபாதையின் முனையில் 09 என்னும் எண் கிழக்குத் திசையைக் குறிப்பதையும், 27 மேற்குத் திசையைக் குறிப்பதையும் விளையாடும்போதே கற்பர்.

மற்றொன்று காப்பு. நம் முன்னோர் ஓலைச்சுவடி செல்லரிக்கும் முன்னரே அதனைப் புதிய ஏட்டிற் படியெடுத்தனர். அப்படிப் பெயர்த்து எழுதிய கைகள் இருந்தமையால்தான் 1887-இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்ற முடிந்தது. விளையாட்டைக் காப்பியத்திற்கு நிகராக்குவது என் கருத்தன்று. காப்பாற்றும் முறை ஒன்றே என்பதுதான் நான் சொல்வது. பழையது தானாக நிலைத்திராது. ஒவ்வொரு தலைமுறையும் அதனைத் தன் காலத்து ஏட்டிற்கு மாற்றியாக வேண்டும். ஃபிளாப்பியின் காந்தம் மங்குகிறது; குறுவட்டின் பூச்சு உரிகிறது; வட்டைப் படிக்கும் கருவியே கடைகளில் அருகி வருகிறது. காலம் தாழ்த்தினால் படியெடுக்க ஒன்றும் எஞ்சாது.

ஆதலின் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வரும் கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குவோம். வீட்டிலுள்ள பழைய வட்டுகளை அவரவர் கொண்டு வரட்டும். இளைஞர் அவற்றை ஓட வைக்கட்டும். தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியோர் அருகில் அமர்ந்து, இறக்கை எப்படித் தாங்குகிறது, இயந்திரம் எப்படி இழுக்கிறது என்று எடுத்துரைக்கட்டும். பொறியை அறிந்தவர் இளைஞர். விமானத்தை அறிந்தவர் முதியோர். இருவரும் ஒரே திரையின் முன் அமர்ந்து தமிழில் உரையாடினால், புலம்பெயர்ந்து வாழும் நமக்கு அதைவிடச் சிறந்த பேறு வேறு என்ன வேண்டும்?



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!