ஓட்டியவரா? ஆக்கியவரா?

   

"மின்சார லாரி விபத்துகளில் பெரும்பொறுப்பு யாருக்கு? ஓட்டியவருக்கா? ஆக்கியவருக்கா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். "வண்டி என்னய்யா பண்ணும்? மனுஷன் கண்ணசந்தா அது மரத்துல போய் முட்டத்தான் செய்யும்" என்றார். நல்லா கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனால் முட்டுவது ஒரு கணக்கு; முட்டிய பிறகு எரிவது வேறு கணக்கு. அந்த இரண்டாவது கணக்கை அவர் எழுதவே இல்லை. நான் எழுதுகிறேன்.

2024 ஆகஸ்டு 19. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். எமிக்ரண்ட் கேப் என்கிற மலைப்பகுதி. விடியற்காலை மூணு மணி சுமாருக்கு டெஸ்லா கம்பெனியின் மின்சார லாரி ஒன்று சாலையை விட்டு விலகி மரங்களில் மோதியது. வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படவில்லை. ஓட்டுநர் காயமில்லாமல் தப்பினார். யாரால் மோதியது என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மோதிய பிறகு நடந்ததைக் கேளுங்க.

பேட்டரி தீப்பிடித்தது. அதை அணைக்கவும் குளிர வைக்கவும் எவ்வளவு தண்ணீர் தெரியுமா? ஏறக்குறைய 50,000 காலன். நம்ம கணக்கில் 1 லட்சத்து 90 ஆயிரம் லிட்டர். கோடைக்காலத்தில் நம்ம தெருவுக்கு 12,000 லிட்டர் தண்ணி லாரி ஒண்ணு வந்தாலே குடத்தோட ஓடுறோம். அங்கே ஒரு லாரியை அணைக்கப் பதினாறு தண்ணி லாரிக்குச் சமமா ஊத்தினாங்க! (சிரிப்பு) சுற்றிலும் காடு. தீ பரவக்கூடாதே என்று விமானத்தில் வந்து மருந்து தூவினார்கள். நெடுஞ்சாலை ஏறக்குறைய 15 மணி நேரம் மூடிக் கிடந்தது. அணைத்த பிறகும் நிம்மதி இல்லை. எரிந்த வண்டியை ஒரு திறந்தவெளிக்குக் கொண்டுபோய் 24 மணி நேரம் காவல் காத்தார்கள்.

ஏன்? அந்தப் பேட்டரி ஒரே பெட்டி இல்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன செல்களின் கூட்டம். ஒரு செல் அடிபட்டு உள்ளே கொதித்தால் பக்கத்துச் செல் கொதிக்கும். அது அதற்கடுத்ததைக் கொளுத்தும். தீபாவளிச் சரவெடி மாதிரி! ஒரு வித்தியாசம், சரவெடி வெடிச்சா தீர்ந்துபோச்சு. இங்கே பாதி செல்லில் மின்சாரம் அப்படியே சிக்கிக் கிடக்கும். வெளியே அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். 2018-இல் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ ஊரில் மோதிய ஒரு மின்சாரக் கார், போலீஸ் பிடித்த வண்டிகளை நிறுத்துகிற இடத்தில், ஐந்து நாள் கழித்து மறுபடி தீப்பிடித்தது. நண்பரே, அந்த ஐந்தாம் நாள் எந்த ஓட்டுநர் கண்ணசந்தார்? (கைதட்டல்)

"விபத்தில் மாட்டுறதுக்குன்னா வண்டி செய்றாங்க?" என்று எதிரணிச் சகோதரி கேட்டார். இதே கேள்வியை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி அமெரிக்க நீதிமன்றத்தில் கேட்டது. நேருக்கு நேர் மோதியதில் ஸ்டீயரிங் தண்டு பின்னால் பாய்ந்து ஓட்டினவர் தலையில் அடித்த வழக்கு. 1968-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது என்ன? சாலை என்றால் மோதல் நடக்கும். அது செய்கிறவருக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே மோதல் நடந்தாலும் காயம் பெரிதாகாதபடி வடிவமைக்கிற கடமை அவருக்கு உண்டு. மோதலுக்குக் காரணம் யாராகவும் இருக்கட்டும், அதனால் கூடுதலாக வந்த கேட்டுக்கு ஆக்கியவர் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு வழக்கு. ஒரு மனைவி கிறிஸ்துமஸுக்குக் கணவருக்கு ஒரு தச்சு எந்திரம் பரிசு கொடுத்தார். கடைந்துகொண்டிருந்த மரத்துண்டு பாய்ந்து அவர் நெற்றியைப் பிளந்தது. வீட்டுக்காரம்மா கொடுத்த பரிசால் நெற்றியில் அடி வாங்கியும் அவர் வீட்டுக்காரம்மா மேல கேஸ் போடலை! (சிரிப்பு) எந்திரம் செய்த கம்பெனி மேல போட்டார். 1963-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், "பொருளில் குறை இருந்தது, அதனால் காயம் வந்தது என்று காட்டினால் போதும், கம்பெனியின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதில்லை" என்று சட்டத்தையே நிமிர்த்தி வைத்தது. பேட்டரிக்குள் நடந்த அலட்சியத்தைப் படுக்கையில் கிடக்கிற ஏழை எங்கே போய் நிரூபிப்பான்?

ஓட்டுநரே இல்லாத கதையும் சொல்கிறேன். 2023 ஜூன் மாதம். அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில், நிகோலா என்கிற லாரிக் கம்பெனியின் சொந்த வளாகத்தில் நின்றுகொண்டிருந்த மின்சார லாரிகள் எரிந்தன. "யாரோ சதி செய்திருக்கிறார்கள்" என்று கம்பெனி முதலில் சந்தேகப்பட்டது. ஆராய்ந்து பார்த்தால், ஒரு பேட்டரிப் பெட்டிக்குள் குளிர்விக்கிற திரவம் கசிந்திருக்கிறது! ஆகஸ்டில் 209 லாரிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2025 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது. இங்கேதான் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். ஆக்கினவன் கையை விரிச்சுட்டா, அடிபட்டவன் எங்கே போவான்? இன்ஷூரன்ஸ்தான் கதி. மாநிலம் விட்டு மாநிலம் சாதாரணச் சரக்கு ஏற்றுகிற லாரிக்கு அங்கே கட்டாய இன்ஷூரன்ஸ் ஏழரை லட்சம் டாலர். 1980களில் வைத்த தொகை! அன்றைய ஆஸ்பத்திரிச் செலவு என்ன, இன்றைய செலவு என்ன?

சரி, வழக்குப் போட்டால் சாட்சி எது? நம்ம கண்ணகியைக் கேளுங்க. பாண்டியன் அவையில் அவள் அழுது மட்டும் ஜெயிக்கவில்லை. சிலம்பை உடைத்தாள், உள்ளே இருந்தது முத்தல்ல, மாணிக்கம். அந்தச் சிலம்பு கையில் இல்லாமல் போயிருந்தால்? இந்த லாரிக்கும் ஒரு சிலம்பு உண்டு. வேகம் என்ன, பிரேக் எப்போது பிடித்தார், பேட்டரிச் சூடு எவ்வளவு, எல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகும். வண்டி எரிந்தால் அதுவும் எரியலாம். மிச்சம் இருப்பதைப் படிக்கக் கம்பெனியின் தயவு வேண்டும். அதனால்தான் விவரமான வக்கீல்கள் முதல் வேலையாக, "வண்டியை உடைக்காதே, பதிவை அழிக்காதே" என்று நோட்டீஸ் அனுப்புகிறார்கள். சிலம்பு யார் வீட்டில் இருக்கிறதோ, பொறுப்பும் அந்த வீட்டில்தானே இருக்க வேண்டும்?

தீயணைக்க ஓடி வருகிற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2020-இல் ஓர் அறிக்கை தந்தது. மின்சார வண்டி எரிந்தால் எங்கே தண்ணீர் அடிப்பது, சிக்கிய மின்சாரத்தை என்ன செய்வது என்பதற்குப் பல கம்பெனிகளின் வழிகாட்டிப் புத்தகங்களில் போதிய விவரம் இல்லை என்றது. செய்தவனுக்கே சொல்லத் தெரியவில்லை; ஓட்டினவனைக் கூண்டில் ஏற்றுவதா?

ஓட்டுநருக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தூங்கினால், குடித்தால், வேகமாகப் போனால் அவர் பங்கை அவர் கட்டட்டும். உங்களுக்கும் ஒரு வார்த்தை: மோதிய மின்சார வண்டியைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள். ஆரஞ்சு நிற ஒயரைத் தொடாதீர்கள். புகையை முகராதீர்கள். தீயணைப்புக்காரரிடம் "இது பேட்டரி வண்டி" என்று முதலில் சொல்லுங்கள்.

நடுவர் அவர்களே! திருவாரூரில் கன்று தேர்க்காலில் விழுந்தபோது, தேர் ஓட்டியவன் இளவரசன். மணி அடித்தது பசு. "கன்று குறுக்கே வந்தது" என்று சமாதானம் சொல்ல அமைச்சர்கள் இருந்தார்கள். மனுநீதிச் சோழன் கேட்கவில்லை. கன்று செத்தால் பசுவுக்கு யார் பதில் சொல்வது என்று மட்டும் பார்த்தான். அதிகாரம் எங்கே இருந்ததோ அங்கேயே பொறுப்பையும் வைத்தான். பேட்டரியின் ரகசியம், பதிவு, லாபம் மூன்றும் ஆக்கியவர் கையில். ஆகவே பெரும்பொறுப்பும் ஆக்கியவருக்கே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன்.  (பலத்த கைதட்டல்)