அரவிந்தன் இறந்த வாரம்
(பெர்ன்ஹில்லில் நிகழ்ந்த ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

நீலகிரியில் கூடும் இலக்கியக் கூட்டம் குறிஞ்சியைச் சொல்லாமல் தொடங்குவது அரிது. பெர்ன்ஹில்லில் கூடியிருக்கும் இவ்வவையும் அதற்கு விலக்கன்று. ஆயினும் இங்கே பேச்சுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது மலைச்சரிவில் பூக்கும் குறிஞ்சியன்று. வார இதழில் பூத்த குறிஞ்சி.

நா. பார்த்தசாரதி 'மணிவண்ணன்' என்னும் பெயரில் 'கல்கி' இதழில் எழுதிய தொடர்கதை 'குறிஞ்சி மலர்'. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதை வாரந்தோறும் படித்தவர்களுக்கு அரவிந்தனும் பூரணியும் கதைமாந்தராக இருக்கவில்லை. அடுத்த தெருவில் குடியிருப்பவர்களாக இருந்தார்கள். அரவிந்தன் மதுரையில் ஓர் அச்சகத்தில் பணியாற்றும் இளைஞன், கவிதை எழுதுபவன், பிறர் துன்பம் கண்டு பொறாதவன். பூரணி தமிழ்ப் பேராசிரியர் ஒருவரின் மகள். தந்தையை இழந்து, தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பைத் தோளில் ஏற்றவள். இருவரும் மணந்துகொள்வார்கள் என்று வாசகர் காத்திருந்தனர். ஆசிரியர் அரவிந்தனைக் காய்ச்சலில் சாகவிட்டார். மணமாகாத பூரணி, அவனுக்கே உரியவளாக எஞ்சிய நாளைக் கழிக்கிறாள்.

இந்த முடிவு வாசகரை ஏன் அவ்வளவு உலுக்கியது என்பதற்குத் தமிழ் படித்தோர் ஒரு காரணம் சொல்லலாம். குறிஞ்சித் திணைக்கு உரிப்பொருள் புணர்தல். நெய்தலுக்கு உரியது இரங்கல். குறிஞ்சியைத் தலைப்பில் வைத்துத் தொடங்கிய கதை நெய்தலில் போய் முடிந்தது. அரிதாகப் பூக்கும் மலர் என்ற பொருளில்தான் ஆசிரியர் அப்பெயரை வைத்தார். திணை இலக்கணத்தை எல்லா வாசகரும் கற்றிருக்கவும் இல்லை. ஆயினும் மலையும் மலரும் காதலரும் ஓரிடத்தில் வந்தால் அங்கே பிரிவு நிலைக்காது என்னும் எதிர்பார்ப்பு இம்மொழியில் ஊறிக் கிடப்பது. அந்த எதிர்பார்ப்பு ஏமாந்தது. ஒன்றை மட்டும் ஆசிரியர் பக்கமும் சொல்ல வேண்டும். நீலக்குறிஞ்சிச் செடி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூத்து, விதை உதிர்த்து, அத்துடன் பட்டுப்போவது. பூப்பதும் மடிவதும் அதற்கு ஒரே நிகழ்ச்சி. மலைவாழ்வோர் அறிந்த இந்தச் செய்தியைச் சமவெளி வாசகர் அறிந்திருந்தால், தலைப்பைக் கண்ட அன்றே அரவிந்தனுக்காக அஞ்சியிருப்பார்கள்.

வாசகர் அழுதார்கள் என்பதை வைத்து ஒரு நாவலை உயர்த்திப் பேசுதல் ஆகாது. 'குறிஞ்சி மலர்' குறையற்ற நாவலன்று. அதன் நன்மக்கள் மிகையான நன்மக்கள். அரவிந்தனிடம் ஒரு சிறு கோபம், ஒரு சிறு தன்னலம், ஒரு நாள் சோம்பல் இருந்திருந்தால் அவன் இன்னும் உயிருள்ளவனாக இருந்திருப்பான். திறனாய்வாளர் சொன்ன இக்குறையை மறுக்க இயலாது. ஆனால் அக்குறையைக் கண்டதோடு திறனாய்வு நின்றுவிட்டது. குறையுள்ள ஒரு பாத்திரத்தின் சாவுக்கு இத்தனை வீடுகள் ஏன் துக்கம் காத்தன என்ற வினாவை அது எழுப்பவேயில்லை.

விடை, தொடர்கதையின் காலத்தில் இருக்கிறது. நூலாக வாங்கிப் படிப்பவர் நான்கு நாளில் அரவிந்தனோடு பழகி, ஐந்தாம் நாள் அவனை இழக்கிறார். தொடராகப் படித்தவர் மாதக்கணக்கில் அவனோடு வாழ்ந்தார். அந்த மாதங்களில் அவர் வீட்டில் ஒரு திருமணம் நடந்திருக்கும், ஒருவர் நோயில் படுத்திருப்பார், ஒரு பிள்ளை தேர்வு எழுதியிருக்கும். இவற்றுக்கு நடுவே அரவிந்தனும் வாரம் ஒரு முறை வந்து போனான். அவனைப் பற்றிய பேச்சு இதழ் வந்த நாளில் முடிந்துவிடவில்லை. அடுத்த இதழ் வரும்வரை அடுக்களையிலும் அலுவலகத்திலும் நடந்தது. ஆசிரியர் எழுதாமல் விட்ட ஆறு நாளையும் வாசகரே எழுதி நிரப்பினர். தாம் பாதி வளர்த்த பிள்ளையை மற்றவர் கேளாமல் கொன்றுவிட்டார் என்ற சினம் அதிலிருந்து பிறந்தது. அதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. அது உறவின் உரிமை.

இந்த உரிமைக்குத் தமிழ்நாட்டில் வார இதழினும் மூத்த வேர் உண்டு. வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் விழாக்களில், துரியோதனன் படுகளத்தன்று மண்ணால் செய்து கிடத்திய பேருருவின் முன் ஒப்பாரி எழுகிறது. 'கர்ண மோட்சம்' கூத்தை இறப்பு நேர்ந்த வீட்டார் தம் சடங்கின் பகுதியாகவே ஆடச் செய்வது அப்பகுதி வழக்கம். தம் வீட்டுச் சாவுக்கான கண்ணீரைக் கர்ணனின் சாவில் சேர்த்து அழுகின்றனர். இன்னும் ஆழமானது கூவாகம். சித்திரை முழுநிலவை ஒட்டிய விழாவில் திருநங்கையர் கூத்தாண்டவரான அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அவன் களப்பலியானதும் தாலியறுத்துக் கைம்மைக் கோலம் பூணுகின்றனர். அது வழிபாடு, இதழ் வாசிப்போடு அதை ஒன்றாக எண்ணுதல் பிழை. கூத்தில் சாவு முன்பே தெரிந்தது. தொடர்கதையில் தெரியாதது என்ற வேறுபாடும் பெரிது. ஆயினும் கதையில் வரும் ஒருவனுக்காகத் தாலியறுத்து அழத் தெரிந்த ஒரு நாட்டில், மணமாகாமலே துக்கம் காத்த பூரணியை வாசகர் தம்மவளாக ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

சினங்கொண்ட வாசகருக்கு ஆசிரியர்கள் ஒரே வகையில் விடை தரவில்லை. உலகறிந்த எடுத்துக்காட்டு இங்கிலாந்தினது. 1893 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் ஆர்தர் கோனன் டாயில் தம் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்தினார். வாசகர் கொதித்தனர். 1901இல், ஹோம்ஸ் இறப்பதற்கு முன் நடந்ததாக ஒரு நாவலைத் தொடங்கினார் அவர். 1903இல் ஹோம்ஸ் உயிரோடே திரும்பி வந்துவிட்டார். வாசகர் வென்றனர், சாவு தோற்றது.

'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தியின் நிலை வேறு. 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டு நடந்த 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலன் இறந்தே ஆக வேண்டும். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு அவனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன் முதலானோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கல்லில் வெட்டிய சாவை எந்த வாசகர் கடிதமும் மாற்றாது. எனவே கல்கி சாவை விட்டுவிட்டுக் கொலையை இருட்டில் வைத்தார். கடம்பூர் மாளிகையில் விளக்கணைந்த அந்தக் கணத்தில் யார் கை ஓங்கியது என்று எழுபது ஆண்டுக்கு மேலாக வாசகர் வழக்காடுகின்றனர். அடுத்த திருப்பம் மகுடம்: பூத்தொடுத்துச் சிவத்தொண்டு செய்துவந்த சேந்தன் அமுதன் அரசனாவது. அருள்மொழிக்கு முடிசூட்டக் காத்திருந்தவர்களுக்கு அது இனிப்பும் கசப்புமாக இருந்தது. கடைசி அத்தியாயத்துக்குக் கல்கி இட்ட தலைப்பு 'மலர் உதிர்ந்தது'. உதிர்ந்தவள் மணிமேகலை. வரலாற்றுக்கு அவள் சாவு தேவையில்லை. அவள் கற்பனைப் படைப்பு. அதனால்தானோ என்னவோ, கரிகாலனுக்காக வாதாடுவோர் மணிமேகலைக்காக அழுகின்றனர்.

கதை திடுமென முடிந்துவிட்டதாக வாசகர் குறைப்பட்டனர். கல்கி முடிவுரை ஒன்று எழுதி, கதைமாந்தர் பின்னாளில் என்னவாயினர் என்பதைச் சொல்லி விடைபெற்றார். அம்முடிவுரை நூலிலும் இடம்பெற்றிருக்கிறது. தமிழ்த் தொடர்கதை வரலாற்றில் வாசகரின் முறையீடு நூலுக்குள் நுழைந்து நிலைத்த அரிய இடம் அது. வந்த கடிதங்கள் இல்லை. அவற்றுக்கான விடை மட்டும் இருக்கிறது. அந்த விடையும் எல்லாரையும் அமைதிப்படுத்தவில்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதிக் கதையை மேலே நடத்தினார். பாலகுமாரனின் 'உடையார்' கரிகாலன் கொலைக்கான தண்டனையை மறுபடி விசாரித்தது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் மணிரத்னத்தின் திரைப்படம் இரு பாகமாக வந்தபோது, இது நாவலில் இல்லை, அது மாற்றப்பட்டது என்று திரையரங்க வாயிலில் வாதிட்டவர்களில் தாத்தாக்களும் பேத்திகளும் இருந்தனர்.

ஜெயகாந்தனோ வாசகரோடு வழக்காடவே வந்தவர். 1966இல் 'ஆனந்த விகட'னில் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' சாவுக் கதையன்று. அதன் திருப்பம் ஒரு தாயின் செயல். மழை நாளில் காரில் ஏற்றிச் சென்றவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் நீரூற்றி, நீ தூயவள் என்று ஏற்றுக்கொள்கிறாள் தாய். பெரும் எதிர்ப்பு எழுந்தது. முடிவை மாற்றிப் பிறர் கதை எழுதும் அளவுக்குப் போயிற்று. ஜெயகாந்தன் அக்கதையில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. மாறாக, அந்தத் தாய் நீங்கள் விரும்பியபடியே கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அப்பெண்ணின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்று ஒரு முழு நாவலால் காட்டினார். அதுவே 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அந்நாவலின் கங்கா, எழுத்தாளர் ஒருவர் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' கதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். தனக்கு வாய்க்காத தாயை அதில் காண்கிறாள். வாசகரின் சீற்றத்துக்குத் தமிழில் கிடைத்த மிகச் சிறந்த மறுமொழி அந்நாவலே. எதிர்த்தவர்கள் இல்லையேல் கங்கா இல்லை. இதைச் சொல்லும்போது எதிர்த்தவர்களுக்கும் ஒரு நன்றி கடமையாகிறது; அதைச் செலுத்தியவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

சிறுவர்க்கு உரியதென்று ஒதுக்கப்படும் சித்திரக்கதைக்கும் இந்த உறவு உண்டு. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் தோன்றின. நினைவிழந்தவன் தன் பெயரைத் தேடி அலையும் 'இரத்தப் படல'த்தைப் பள்ளி நாளில் படிக்கத் தொடங்கியவர்கள், 2010இல் அதன் பதினெட்டுப் பாகமும் ஒரே நூலாக வந்தபோது நரை கண்டிருந்தனர். பாதியில் நின்ற கதைக்காக அத்தனை ஆண்டு காத்திருப்பது பிள்ளைத்தனம் என்றால், அப்பிள்ளைத்தனம் இலக்கியத்துக்கு வேண்டியது.

இனி நா. பா. 'குறிஞ்சி மலர்' தூர்தர்ஷனில் தொடராக வந்து, மு. க. ஸ்டாலின் அரவிந்தனாக நடித்தபோதும் அரவிந்தன் கதை அரவிந்தன் கதையாகவே இருந்தது. நா. பா. 1987இல் மறையும் வரை அவனை எழுப்பவில்லை. முடிவுரை கூறித் தேற்றவில்லை. மறு நாவல் எழுதி வாதிடவும் இல்லை. சாவு சாவாகவே நின்றது. இங்கேதான் தமிழ் வாசகர் இலண்டன் வாசகர் செய்யாத ஒன்றைச் செய்தார்கள். பிறந்த ஆண் குழந்தைகளுக்கு அரவிந்தன் என்றும், பெண் குழந்தைகளுக்குப் பூரணி என்றும் பெயரிட்டார்கள்.

இச்செய்தி நா. பா.வின் புகழுக்குச் சான்றாகப் பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. புகழ் என்று மட்டும் அதைக் கொள்வது போதாது. பேரன் என்ற சொல்லின் பழைய வடிவம் பெயரன். பாட்டன் பெயரைத் தாங்குபவன் அவன். மறைந்தவர் பெயரைப் பிறந்த குழந்தைக்கு இடுவது தமிழ்க் குடும்பம் தன் முன்னோர்க்குச் செய்யும் கடன். அந்தக் கடனை, எந்தக் குடியிலும் பிறவாத, எந்தச் சுடுகாட்டிலும் எரியாத ஓர் அச்சக இளைஞனுக்கு வாசகர் செய்தனர். ஆசிரியர் உயிர் தர மறுத்தபின், தம் வீட்டுத் தொட்டிலிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தனர். கடிதம் எழுதத் தெரியாதவர்களும் தெரிவித்த கருத்து அது. எந்தத் திறனாய்வு நூலிலும் அது கருத்தாகப் பதிவு பெறவில்லை.

பதிவு பெறாமைக்குக் காரணம் உண்டு. தொடர் நூலாகும்போது வாரங்கள் மறைகின்றன. மணியம் போன்றோர் வரைந்த சித்திரங்கள் குறைகின்றன. 'தொடரும்' என்ற சொல் நீங்குகிறது. வாசகர் கடிதம் பழைய இதழோடு நின்றுவிடுகிறது. எஞ்சிய பாதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு க. நா. சு. காலம் தொட்டுத் தொடர்கதையின் தரத்தை எடைபோட்டு வந்திருக்கிறார்கள். எடை தவறென்று சொல்ல இயலாது. தட்டில் வைத்த பொருள் முழுமையானதன்று என்று சொல்லலாம். 'கல்கி' அச்சிதழும் 2020இல் நின்றுவிட்டது.

ஆனால் ஒரு சான்று வீடுகளில் இருக்கிறது. வாரந்தோறும் தொடரின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ அட்டை போட்டுப் பாட்டிமார் வைத்திருந்த கட்டுகள். அவற்றில் கதையோடு சோப்பு விளம்பரமும், பின்பக்கத்தில் பாதி அறுபட்ட சமையற்குறிப்பும், சில இடங்களில் ஓரத்தில் பென்சிலால் எழுதிய ஒரு சொல்லும் இருக்கும். 'ஐயோ' என்ற ஒரு சொல் ஓரத்தில் இருந்தாலும் அது ஆராய்ச்சிக்கு உரியதே.

நீலகிரியின் பனியும் மழையும் தாளுக்குப் பகை. பூஞ்சை பிடித்த கட்டுகளைப் பழைய தாள் கடைக்கு எடைக்குப் போடுவது இம்மலையிலும் நடக்கிறது. புல்வெளியைத் தேயிலையும் சீகையும் கற்பூர மரமும் மூடியபின் குறிஞ்சி ஒதுங்கிய சரிவுகளைத் தேடிப் போக வேண்டியிருப்பதுபோல, இக்கட்டுகளையும் தேடியே போக வேண்டும். பத்தாண்டு நிறைந்த இவ்விலக்கிய வட்டம், பதினோராம் ஆண்டின் முதற்பணியாக, உதகை, குன்னூர், கோத்தகிரி வீடுகளின் பரண்களில் கிடக்கும் தொடர்கதைக் கட்டுகளுக்கு ஒரு பட்டியல் எடுக்கலாம். கட்டை வீட்டாரிடமிருந்து வாங்க வேண்டியதில்லை. பார்த்து, ஓரக்குறிப்புகளைப் படியெடுத்து, திருப்பிக் கொடுத்தால் போதும். அப்படிப் போகும்போது, அவ்வீடுகளில் அறுபதை ஒட்டிய அரவிந்தன் எவரேனும் இருந்தால், அப்பெயரை இட்டது யார், எந்த வாரத்தில் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.