செவிலியர் சாட்சியமும் சுகாதாரக் கொள்கையும்

(செவிலியர் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படைகளின் சுகாதார நிலையை ஆராய 1859ஆம் ஆண்டில் ஓர் அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அக்குழுவின் பணிக்குப் பெருந்துணையாக விளங்கியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். அவர் இந்திய மண்ணை ஒருநாளும் மிதித்ததில்லை. எனினும் இந்தியாவின் படை முகாம்கள் அனைத்திற்கும் வினாப்பட்டியல்களை அனுப்பச் செய்தார். குடிநீர், கழிவுநீர் வடிகால், குடியிருப்பு, உணவு, நோய், சாவு ஆகியன குறித்து வந்த விடைகளைத் தொகுத்து, அவற்றின் மீது தம் கருத்துரைகளை எழுதினார். 1863இல் வெளியான அறிக்கை, படைவீரர்களில் ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்து வந்தனர் என்பதை உலகறியச் செய்தது. அடுத்த ஆண்டே வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் ஏற்பட்டன.

விளக்கேந்திய மங்கை என்று அம்மையாரைப் போற்றுவோர் பலர். சாட்சியம் தொகுத்தவர் என்று அவரை நினைவு கூர்வோர் சிலரே. நோயாளியின் அருகிலிருந்து கண்ட உண்மையை, ஆட்சியாளர் மறுக்க இயலாத வடிவில் எழுதி, முடிவெடுக்கும் இடத்தில் உரிய காலத்தில் சேர்ப்பித்தமையே அவருடைய வெற்றிக்கு வழி வகுத்தது. இந்த மூன்றும் இன்றைய இந்தியச் செவிலியருக்கும் பொருந்துவனவே.

எண்ணிக்கையும் குரலும்

1946ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த போர் குழு, அன்றைய இந்தியாவில் 43,000 மக்களுக்கு ஒரு செவிலியரே இருந்ததாகக் கணக்கிட்டது. அதன் மறு ஆண்டில் இந்திய செவிலியர் மன்றச் சட்டம் நிறைவேறியது. இன்று பதிவு பெற்ற செவிலியப் பணியாளர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டி விட்டது. சுகாதாரத் துறையில் மிகப் பெரிய தொழிற்பிரிவு இதுவே. ஆயினும் கொள்கை வகுக்கும் அவைகளில் செவிலியரின் குரல் அவர்தம் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒலிப்பதில்லை.

வாய்ப்பின்மை மட்டும் இதற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. வாய்ப்புகள் எப்போது, எங்கே திறக்கின்றன என்பது பரவலாக அறியப்படாமல் இருப்பதும், திறந்த வேளையில் குறைகளின் பட்டியல் மட்டுமே அனுப்பப்படுவதும் முக்கிய காரணங்களாகும். குறைகூறல் இரக்கத்தை உண்டாக்கலாம். சாட்சியமோ குழுவின் பதிவேட்டில் இடம் பெறுகிறது. பதிவேட்டில் இடம் பெற்றதற்கு அரசு விடையளித்தாக வேண்டும்.

திறந்திருக்கும் வாயில்கள்

முதல் வாயில் மசோதா வரைவு நிலையிலேயே திறக்கிறது. 2014ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த நெறிமுறைப்படி, சட்ட வரைவுகள் குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். வரைவோடு அதன் நோக்கத்தை விளக்கும் எளிய குறிப்பும் வெளியிடப்பட வேண்டும்.

இந்த 30 நாட்களின் மதிப்பை ஓர் அண்மைக்கால நிகழ்ச்சி உணர்த்துகிறது. தேசிய செவிலியம் மற்றும் மகப்பேற்றுச் செவிலிய ஆணைய மசோதாவின் வரைவு 2020 நவம்பரில் கருத்துக்காக வெளியிடப்பட்டது. மசோதா மக்களவையில் அறிமுகமானது 2023 ஜூலை 24ஆம் நாள். அது மாநிலங்களவையில் நிறைவேறியது ஆகஸ்ட் 8ஆம் நாள். இடையில் இருந்தவை 15 நாட்களே. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய அமைப்பை நிறுவ வந்த ஒரு சட்டம், அவைகளுக்குள் வந்தபின் இத்தனை விரைவாக முடிவுற்றது. மசோதா அவைக்கு வரட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு எழுதி முடிக்கவே நேரம் போதாது. வரைவு நிலையில் எழுதியவர்களின் கருத்தோ அமைச்சகத்தின் கோப்பில் முன்னரே இடம் பெற்றிருக்கும்.

இரண்டாம் வாயில் நாடாளுமன்றத்தின் துறைசார் நிலைக்குழு. இக்குழுக்கள் 1993இல் 17 ஆக ஏற்படுத்தப்பட்டு, 2004இல் 24 ஆக உயர்த்தப்பட்டன. மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேருமாக ஒவ்வொன்றிலும் 31 உறுப்பினர்கள் உள்ளனர். அமைச்சர்கள் இவற்றில் உறுப்பினராக இருக்க முடியாது. சுகாதாரம் மற்றும் குடும்ப நலக் குழு மாநிலங்களவைத் தலைவரின் கீழ் இயங்குகிறது. தனக்கு அனுப்பப்பட்ட மசோதாவை இக்குழு ஆராயும்போது, நாளிதழ்களில் விளம்பரம் செய்து எழுத்து வடிவிலான கருத்துகளை வரவேற்பது வழக்கம். நேரில் சாட்சியம் அளிக்க விரும்புவோர் அதனைத் தம் மகஜரிலேயே தெரிவிக்க வேண்டும். இந்த ஒரு வரியை எழுத மறந்ததால் நேர்முக வாய்ப்பை இழந்துவிடக் கூடாது.

மூன்றாம் வாயில் வரவு செலவுத் திட்டம். ஆண்டுதோறும் பிப்ரவரியில் திட்டம் முன்வைக்கப்பட்ட பின், அவைகளின் இடைவேளைக் காலத்தில் நிலைக்குழு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளை ஆராய்கிறது. எத்தனை பணியிடங்கள் காலியாக உள்ளன, ஒதுக்கிய தொகை ஏன் செலவாகவில்லை என்ற கேள்விகள் எழுவது அப்போதுதான். இவற்றைத் தவிர, இரு அவைகளிலும் மனுக்கள் குழுக்கள் உள்ளன. சட்டம் நிறைவேறிய பின் வகுக்கப்படும் விதிகளும் ஒழுங்குமுறைகளும் கூட அவைகளின் முன் வைக்கப்படுகின்றன. அன்றாடப் பணியைத் தொடும் விவரங்கள் பலவும் சட்டத்தைக் காட்டிலும் விதிகளில்தான் அடங்கியுள்ளன என்பதை மறத்தலாகாது.

எந்த அவையை அணுகுவது?

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. மருத்துவம் முதலிய தொழில்கள் பொதுப்பட்டியலில் உள்ளன. ஆதலால் கல்வித் தரம், பதிவு ஆகியவற்றிற்குப் புதுதில்லியையும், மாநில மருத்துவமனைப் பணியிடங்களுக்கு மாநிலத் தலைநகரையும் நாட வேண்டியுள்ளது.

தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் பற்றிய வரலாறு இதற்குத் தக்க சான்று. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908இல் தோன்றிய அமைப்பு. அது தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரி 29ஆம் நாள் பிறப்பித்த ஆணையை ஒட்டி, மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வழங்க வேண்டும் என்றும், 50 படுக்கைகளுக்குக் குறைந்த இடங்களில் கூட மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும் அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரையைச் செயலாக்கும் பொறுப்போ மாநிலங்களைச் சார்ந்தது. கேரளத்தில் செவிலியரின் தொடர்ந்த கிளர்ச்சிக்குப் பின், 2018 ஏப்ரலில், குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வாயிலாகவே 20,000 ரூபாய் அடிப்படை நிறுவப்பட்டது. புதுதில்லியில் பெற்ற நல்ல பரிந்துரை, மாநில அரசிதழில் ஏறும்வரை ஊதியச் சீட்டில் தோன்றுவதில்லை.

மகஜரின் உள்ளடக்கம்

நல்ல மகஜர் நீண்டதாக இருக்கத் தேவையில்லை. எழுதுபவர் யார், எத்தனை ஆண்டு அனுபவம் உடையவர், யார் சார்பில் எழுதுகிறார் என்பது முதற்பகுதி. கோரிக்கைகளின் சுருக்கம் முதற்பக்கத்திலேயே இடம் பெற வேண்டும். பல நூறு பக்கங்களைப் படிக்க வேண்டிய உறுப்பினர் அந்த ஒரு பக்கத்தையாவது படிப்பார். பின்னர் மசோதாவின் பிரிவு எண்ணைக் குறித்து, இப்போதுள்ள வாசகம், அதனால் விளையும் இடர், முன்மொழியும் மாற்று வாசகம் என்ற வரிசையில் எழுதுதல் நலம். மாற்று வாசகம் தரப்படாத மறுப்பு, குழுவின் அறிக்கையில் சேர்வது அரிது.

புள்ளிவிவரம் எங்கிருந்து கிடைக்கும் என்ற ஐயம் பலருக்கு எழுகிறது. அது வார்டிலேயே இருக்கிறது. பணி ஒப்படைப்புப் பதிவேடு, இரவுப் பணிப் பட்டியல், படுக்கைப் புண் குறிப்பேடு, கீழே விழுந்த நோயாளிகள் பற்றிய பதிவு ஆகியன செவிலியரின் கையால் எழுதப்படுபவை. ஒரு வார்டில் மூன்று மாதங்களில் எத்தனை இரவுகள் ஒரே செவிலியர் தனித்துப் பணியாற்றினார், அந்த இரவுகளில் எத்தனை நோயாளிகள் இருந்தனர், குறித்த நேரத்தில் தர வேண்டிய ஊசி மருந்துகளில் எத்தனை தாமதமாயின என்பவற்றை எண்ணிக் கூறினால், அதனை விடச் சிறந்த சாட்சியம் இல்லை. அரசுப் பதிவேட்டிலிருந்து விவரம் எடுக்க நிர்வாகத்தின் இசைவைப் பெற வேண்டும். நோயாளியின் பெயரோ அடையாளமோ எவ்விடத்தும் வெளிப்படலாகாது.

கோரிக்கையின் செலவையும் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். கூடுதலாக ஒரு செவிலியர் வேண்டும் என்ற வாசகத்தை எடுத்துக் கொள்வோம். ஓரிடத்தை இரவும் பகலும் நிரப்ப வாரத்துக்கு 168 மணி நேரப் பணி தேவை. ஒருவரின் வாரப் பணி 48 மணி நேரம் எனில், மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்புக்கென 30 விழுக்காடு சேர்த்தால் அது நாலரைப் பேருக்குச் சற்று மேலாகிறது. மாறாக, எட்டு மணி நேர இரவுப் பணிக்கு மட்டும் கூடுதலாக ஒருவர் போதும் என்றால், அதே கணக்கின்படி ஒன்றரைப் பணியிடமே தேவைப்படும். நிதித் துறையினர் இக்கணக்கை எப்படியும் போடுவர். செவிலியரே அதனைப் போட்டு, இரவில் மட்டும் ஒருவரைச் சேர்ப்பதால் தவிர்க்கப்படும் படுக்கைப் புண்களையும், அவற்றால் நீளும் மருத்துவமனை வாசத்தின் செலவையும் எதிர்ப்பக்கத்தில் எழுதிவிட்டால், விவாதம் செலவைப் பற்றியதாக மட்டும் நின்றுவிடாது.

நேர்முக சாட்சியம்

குழுவின் முன் தோன்றுபவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. எழுதியதைத் திரும்பப் படிப்பதில் அதனைச் செலவிடுவது வீண். மூன்று கருத்துகளையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்டு நிகழ்ச்சியையும் சொன்னால் போதும். எஞ்சிய நேரம் உறுப்பினர்களின் கேள்விகளுக்கு உரியது. விடை தெரியாத கேள்விக்கு, விவரத்தைப் பின்னர் எழுத்தில் அனுப்புவதாகக் கூறுவது முறையே. அவ்வாறு கூறியதை உரிய நாளுக்குள் அனுப்புதல் கடமை. சாட்சியம் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யப்படுகிறது. குழுவுக்கு அளித்த மகஜர் குழுவின் உடைமையாகி விடுவதால், அறிக்கை அவையில் வைக்கப்படும் முன் அதனை வெளியிடுதல் அவையின் உரிமையை மீறுவதாகும்.

அரசுப் பணியிலுள்ள செவிலியர் பலரைத் தயங்க வைப்பது நடத்தை விதிகள் பற்றிய அச்சம். அந்த அச்சத்தில் ஒரு பகுதி நியாயமானது. ஒரு பகுதி விதியைப் படிக்காமையால் விளைந்தது. 1964ஆம் ஆண்டு மத்திய குடிமைப் பணிகள் நடத்தை விதிகளின் 10ஆம் விதி, அரசின் முன் அனுமதியின்றி எந்த விசாரணையிலும் சாட்சியம் அளிப்பதைத் தடுக்கிறது. ஆனால் அரசோ நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ நியமித்த அமைப்பின் முன் அளிக்கும் சாட்சியத்துக்கு அந்தத் தடை பொருந்தாது என்று அதே விதியின் மூன்றாம் உட்பிரிவு கூறுகிறது. குழுவின் முன் சாட்சியம் அளித்ததற்காக ஒருவரைத் துன்புறுத்துவது அவையை அவமதிக்கும் செயலாகக் கருதப்படும். எனினும் பத்திரிகைப் பேட்டிக்கும், தம் சொந்த இடமாற்றத்துக்காக உறுப்பினரை நாடுவதற்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. மாநில ஊழியர்கள் தத்தம் மாநில விதிகளைப் பார்த்துக் கொள்ள வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் பணிபுரிவோர் தனித்து எழுதுவதைக் காட்டிலும், சங்கத்தின் பெயரால் எழுதுவது அவர்களுக்குப் பாதுகாப்பும் மகஜருக்கு வலுவும் தரும்.

அறிக்கைக்குப் பின்

நிலைக்குழுவின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவன அல்ல. ஆனால் ஒவ்வொன்றின் மீதும் எடுத்த நடவடிக்கையை அரசு குழுவுக்குத் தெரிவிக்கிறது. அதன் மீது குழு மற்றோர் அறிக்கை தருகிறது. ஏற்கப்பட்டவை, விளக்கம் பெற்றபின் குழு வலியுறுத்த விரும்பாதவை, அரசின் விடையைக் குழு ஏற்காதவை, இறுதி விடை வராதவை என அதில் பரிந்துரைகள் வகைப்படுத்தப்படுகின்றன. கடைசி இரண்டு வகைகளிலேயே அடுத்த மகஜருக்கான பொருள் கிடைக்கும். பெரும்பாலான அமைப்புகள் அறிக்கை வெளியான அன்றே பணி முடிந்ததாகக் கருதி விடுகின்றன. 1987இல் செவிலியத் தொழில் பற்றி ஆராய அமைக்கப்பட்டு, பின்னர் சரோஜினி வரதப்பனைத் தலைவராகக் கொண்ட உயர்நிலைக் குழுவின் வரலாறும், பரிந்துரையைப் பெறுவது பாதி வழியே என்பதைக் காட்டும். பணியாளர் பற்றாக்குறை, பணிச்சூழல் ஆகியன குறித்து அன்று பேசப்பட்டவை இன்றும் பேசப்படுகின்றன.

ஆகவே ஒவ்வொரு செவிலியர் சங்கமும் இருவரையேனும் இப்பணிக்கென ஒதுக்குதல் பயன் தரும். ஒருவர் அரசிதழையும் குழு அறிவிப்புகளையும் கவனித்து வரலாம். மற்றவர் வார்டு விவரங்களை மாதந்தோறும் தொகுத்து வைக்கலாம். விளம்பரம் வந்தபின் விவரம் தேடுவோருக்குக் காலம் போதாது. செவிலியர் கல்லூரிகளில் வழக்குத்தாள் எழுதக் கற்பிப்பது போல மகஜர் எழுதவும் கற்பிக்கலாம். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒழுங்குமுறைகள் வகுக்கப்படும்போதும், மாநில ஆணையங்கள் செயற்படும்போதும் இப்பயிற்சியின் தேவை மிகும்.

நள்ளிரவில் நாற்பது நோயாளிகளிடையே ஒரே செவிலியர் நிற்கும் வார்டில் நடப்பதைச் செயலகத்தில் இருப்பவர் அறிய வழியில்லை. அதனை அறிந்தவர் கூறாதவரை, கொள்கை வகுப்போர் படுக்கைகளின் எண்ணிக்கையை வைத்தே திட்டமிடுவர். அந்த வார்டின் கணக்கு குழுவின் முன் வைக்கப்பட்டால், அது நோயாளிகளின் சார்பில் அளிக்கப்பட்ட சாட்சியமும் ஆகும்.