முத்துக்குளித்துறையும் ஹாப்ஸ்பர்க் இளவரசியரும்

ஹாப்ஸ்பர்க் குலத்துப் பேரரசர் ஐந்தாம் சார்லசுடன் பிறந்த பெண்கள் நால்வர். எலியனோர், இசபெல்லா, மேரி, கேத்தரின் ஆகிய நால்வருமே மன்னர்களுக்கு வாழ்க்கைப்பட்டனர். அக்குலம் போரிட்டுப் பெற்ற நாடுகளைவிட மணம் பேசிப் பெற்றவை மிகுதி. ஆகவே அங்கே மகளின் திருமணம் அரசாங்க அலுவலாகவே நடந்தது.

இசபெல்லா 14 வயதில் டென்மார்க்குக்கு அனுப்பப்பட்டார். கணவர் அரியணை இழந்தபோது அவருடன் நாடு நீங்கி, 24 வயதில் இறந்தார். ஒன்பது வயதில் மணச்சடங்கு முடித்த மேரி, 1526இல் மோகாச் போரில் ஹங்கேரி அரசரான கணவரை இழந்தார். மறுமணத்துக்கு அவர் இசையவில்லை. அண்ணனின் சார்பில் 1531 முதல் 1555 வரை நெதர்லாந்தை ஆண்டார். இப்பெண்களை வெறும் பகடைக்காய்கள் என்று ஒதுக்குவது முறையன்று என்பதற்கு இவரே சான்று. எலியனோரின் கதை துயரம் மிக்கது. அவருடைய பெரியம்மாவையும் சித்தியையும் அடுத்தடுத்து மணந்து இழந்திருந்த போர்ச்சுகல் அரசர் மானுவேலுக்கு 1518இல் அவரைக் கொடுத்தனர். மூன்றே ஆண்டுகளில் கணவர் இறந்தார். தளர்நடைப் பருவத்து மகளை லிஸ்பனில் விட்டு வெளியேறிய எலியனோர், பின்னர் பிரான்சு அரசியானார். மகளை மறுபடி கண்டது 1558இல், தாம் இறப்பதற்குச் சற்று முன்புதான்.

முத்துக்குளித்துறையோடு தொடர்புடையவர் கடைக்குட்டி கேத்தரின். தந்தை இறந்தபின் 1507இல் பிறந்தவர். மனநலம் இழந்தவர் என்று தோர்தெசில்லாஸ் மாளிகையில் அடைத்துவைக்கப்பட்ட தாய் ஹுவானாவுடன் 18 வயதுவரை வளர்ந்தார். 1525இல் போர்ச்சுகல் அரசர் மூன்றாம் ஜோவானுக்கு மனைவியானார். பெற்ற ஒன்பது பிள்ளைகளும் அவர் வாழ்நாளிலேயே இறந்தனர். பேரன் செபஸ்தியானுக்காக 1557 முதல் 1562 வரை ஆட்சிப் பொறுப்பைத் தாங்கினார்.

1530களில் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த பரதவர் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடிக் கத்தோலிக்க மறையில் சேர்ந்தனர். தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு முதலிய ஊர்கள் அடங்கிய இக்கரையின் வருவாயில் ஒரு பகுதி, அரசியின் காலணிச் செலவு என்ற பெயரில் கேத்தரினுக்கு உரியதாயிற்று. கடலடியில் மூச்சடக்கிச் சிப்பி எடுத்தவரின் உழைப்பு, அவர் ஒருநாளும் காணாத அரண்மனையின் செலவுக்குப் போயிற்று. 1542இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஊர்தோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டிய கணக்கப்பிள்ளைகளின் ஊதியத்துக்கு அத்தொகையை விட்டுத்தருமாறு அரசியை வேண்டினார். அவரும் இசைந்தார். இளவரசியின் வாழ்வும் முத்துக்குளிப்போரின் வாழ்வும் ஒரே கணக்கேட்டில் வந்து சேர்ந்திருப்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றை ஆராய்வது போதாது.

கேத்தரின் 1578 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் செபஸ்தியான் மொராக்கோப் போரில் மடிந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஐந்தாம் சார்லசின் மகனான ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப், தம் தாய் மானுவேலின் மகள் என்னும் உரிமையை முன்வைத்து, படையும் அனுப்பி, 1580இல் போர்ச்சுகல் முடியைப் பெற்றார். மகள்வழி வந்த அவ்வுரிமையால் முத்துக்குளித்துறையும் ஹாப்ஸ்பர்க் குலத்தின்கீழ் வந்தது. 1640இல் போர்ச்சுகல் பிரிந்து தனியரசாகும்வரை அந்நிலை நீடித்தது. 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போயிற்று.