உடலில் சேரும் உலோகங்கள்: பரிசோதனையும் மாற்று மருத்துவமும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய சுகாதாரக் கருத்தரங்கில், மருத்துவத் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூறாண்டு காணும் கல்லூரித் தாயின் மடியில் மீண்டும் ஒன்றுகூடியிருக்கிறோம். இந்தத் தலைப்பை நாங்கள் தெரிவுசெய்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்களோடு படித்த தோழி ஒருத்தி வெளிநாட்டில் வாழ்கிறாள். கால் விறைப்பும் களைப்பும் அவளை வாட்டின. மாற்று மருத்துவ நிலையம் ஒன்றில் தலைமயிரைப் பரிசோதித்து, "உடம்பில் இரசமும் ஈயமும் தேங்கிப்போயிற்று" என்றார்கள். பதினொரு மாதங்கள் நஞ்சகற்றும் சிகிச்சை நடந்தது. கடைசியில் வேறொரு வைத்தியர் செய்வித்த சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரியவந்தது, அவளுக்கு இருந்தது விற்றமின் பி12 குறைபாடு. ஊசி போட்டதும் களைப்பு நீங்கியது. கால் விறைப்பு இன்னும் முற்றாக நீங்கவில்லை. அவளுடைய சம்மதத்துடனேயே இதைச் சொல்கிறோம்.

அவளுக்குச் செய்த சிகிச்சைகளில் ஒன்று, உப்புத்தண்ணீரில் பாதங்களை வைத்து மின்னைச் செலுத்துவது. சற்று நேரத்தில் தண்ணீர் கபில நிறமாகும். "பாருங்கள், நஞ்சு வெளியேறுகிறது" என்பார்கள். நமது இரசாயன ஆய்வுகூடத்தை நினைத்துப் பாருங்கள். உப்புக் கரைசலில் இரண்டு இரும்பாணிகளை வைத்து பற்றரியோடு இணைத்தபோது என்ன கண்டோம்? அதே கபில நிறத்தைத்தான். மின்வாயிலுள்ள இரும்பு அரிக்கப்படுவதால் வருவது அது. காலை வைக்காவிட்டாலும் வரும்.

தலைமயிர்ப் பரிசோதனையும் நம்பத்தக்கதல்ல. மயிரில் சாயமும் சம்பூவும் தூசும் படிகின்றன. ஆரோக்கியமான ஒருவரின் மயிரை அமெரிக்காவில் ஆறு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிப் பார்த்த ஆய்வொன்று 2001இல் வெளியானது. முடிவுகள் ஒன்றோடொன்று பெரிதும் முரண்பட்டன. இன்னொரு முறை, உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டுச் சிறுநீரைச் சோதிப்பது. அம்மருந்தை உட்கொண்டால் எவருடைய சிறுநீரிலும் உலோகத்தின் அளவு கூடும். அதை மருந்து எடுக்காதவர்களின் அளவோடு ஒப்பிட்டால் எல்லோரும் நோயாளிகளே. இம்முறை விஞ்ஞான ரீதியாக நிறுவப்படவில்லை என்று அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி 2009இல் அறிவித்தது.

அப்படியானால் சரியான பரிசோதனை எது? ஈயத்துக்கு நாளத்திலிருந்து எடுக்கும் இரத்தம். மீனுணவால் சேரும் இரசத்துக்கும் இரத்தமே. ஆசனிக்குக்குச் சிறுநீர், அதற்கு முன் இரண்டு மூன்று நாட்கள் மீன், நண்டு, இறால் உண்ணக்கூடாது. அவற்றிலுள்ள தீங்கற்ற ஆசனிக்குச் சேர்மங்கள் முடிவைக் குழப்பிவிடும்.

உலோகத்தைப் பிணைத்து அகற்றும் மருந்துகள் பொய்யல்ல. கடுமையான ஈய நஞ்சேற்றத்தில் அவை உயிர்காப்பவை. பிள்ளைகளுக்கு, இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 45 மைக்கிரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருந்தால் அவை பரிந்துரைக்கப்படுகின்றன. ஆனால் தேவையின்றிக் கொடுத்தால் உடலுக்கு வேண்டிய கனியுப்புகளையும் இழுத்துச் செல்லும். அமெரிக்காவில் 2003 தொடக்கம் 2005 வரையில் இரண்டு பிள்ளைகளும் ஒரு பெண்ணும், இச்சிகிச்சையின்போது இரத்தத்தில் கல்சியம் சடுதியாகக் குறைந்து இறந்தார்கள். கொத்தமல்லியும் பாசிக் குளிசையும் மனித உடலிலிருந்து உலோகத்தை அகற்றும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. கொத்தமல்லியைச் சம்பலுக்கும் இரசத்துக்கும் தாராளமாகச் சேருங்கள். மருந்தென்று எண்ணி வைத்தியரிடம் போவதைப் பிற்போடாதீர்கள்.

நமது பரியாரிமாரின் வைத்தியத்தைப் பழிக்க நாங்கள் வரவில்லை. கைதடியில் சித்த மருத்துவம் பல்கலைக்கழக மட்டத்தில் கற்பிக்கப்படுகிறது. இரசம், ஈயம், பாடாணம் முதலியவற்றைச் சுத்தி செய்தே பற்பமும் செந்தூரமும் ஆக்க வேண்டும் என்று அந்த நூல்களே கண்டிப்பாகச் சொல்கின்றன. எங்கள் கவலை, யார் செய்தார் என்று தெரியாமல் பொதியில் வரும் தூள்களைப் பற்றியது. பொஸ்ரன் நகரப் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைப் பரிசோதித்தபோது, 14இல் ஈயமோ இரசமோ ஆசனிக்கோ இருந்தது. 2004இல் வெளியான ஆய்வு அது. உலோகத்தை அகற்றப் போனவர் அதையே உட்கொள்ளவும் நேரலாம்.

உண்மையான நஞ்சேற்றத்தில் முதல் வைத்தியம், அது வரும் வழியை அடைப்பது. வங்காளதேசத்தில் மஞ்சள் பளபளக்க ஈயக் குரோமேற்றுக் கலந்தார்கள். 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு கண்டிப்பாக நடவடிக்கை எடுத்ததும் 2021இல் அது இல்லாமற் போனது. வீட்டில் ஈயம் உருக்கி வலைக்குண்டு வார்ப்பது, பழைய பற்றரியை உடைப்பது, உரிந்த பழைய வண்ணப்பூச்சு ஆகியனவும் கவனிக்க வேண்டியவை. எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும் ஈயம், கர்ப்ப காலத்தில் இரத்தத்தில் கலந்து சிசுவையும் சேரும். இரும்பும் கல்சியமும் போதிய உணவு, ஈயம் உடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஆகவே நமது பெண்பிள்ளைகளின் உணவில் கருத்தாயிருப்போம்.

சகோதரிகளே, உங்கள் உடலில் உலோகம் இருக்கிறதென்று யாராவது சொன்னால் மூன்றைக் கேளுங்கள். எந்த உலோகம்? எங்கிருந்து வந்தது? மருந்து எதுவும் கொடுக்காமல் எடுத்த இரத்தத்தில் அல்லது சிறுநீரில் எவ்வளவு? விடை கிடைக்காவிட்டால் இன்னொரு வைத்தியரை நாடுங்கள். கேள்வி கேட்கக் கூச்சப்படாதே என்றுதான் இந்த மண்டபத்தில் எமக்குச் சொல்லித்தந்தார்கள்.