கிர்மானிக்கு அடுத்தவர்



நான்கே டெஸ்ட் ஆடிய ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சென்னையைச் சேர்ந்த விக்கெட் கீப்பர் பரத் ரெட்டி.

அவர் காலத்தில் இந்திய அணியின் கீப்பர் சையத் கிர்மானி; 88 டெஸ்ட் ஆடியவர். பந்துவீச்சாளர்கள் நாலைந்து பேருக்கு அணியில் இடமுண்டு, கீப்பருக்கு ஒரே இடம்தான். ரெட்டி மாற்றுக் கீப்பர். சுழற்பந்துக்கு ஸ்டம்பை ஒட்டிக் குந்தியிருக்கும்போது மட்டையாளரின் உடம்பு பந்தை மறைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கணத்திலும் கை சரியான இடத்தில் இருக்க வேண்டும். ஆட்டமே கிடைக்காத மாதங்களிலும் அந்தக் கையைப் பழக்கத்தில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய உழைப்பு!

1979 இங்கிலாந்துப் பயணத்துக்குக் கிர்மானியைத் தேர்ந்தெடுக்கவில்லை. 24 வயது ரெட்டிக்கு வாய்ப்பு வந்தது. அணித்தலைவர் வெங்கட்ராகவனும் சென்னைக்காரர்தான். நான்கு டெஸ்டில் 9 கேட்ச், 2 ஸ்டம்பிங். மட்டை பிடித்து எடுத்தது 38 ரன். கடைசி டெஸ்ட் ஓவல் மைதானத்தில். இலக்கு 438. கவாஸ்கர் 221 அடித்தார். ஆட்ட நேரம் முடிந்தபோது இந்தியா 8 விக்கெட்டுக்கு 429. களத்தில் நின்ற இருவரில் ஒருவர் ரெட்டி, ஆட்டமிழக்காமல் 5.

அது செப்டம்பர் 4. ஒரே வாரத்தில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட். ரெட்டியின் சொந்த ஊர்; கையுறை மாட்டி இறங்கியவரோ கிர்மானி. அவர் பெரிய கீப்பர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. இருந்தாலும் மனசு ஆறவில்லை. ரெட்டி அதன்பின் டெஸ்ட் ஆடவேயில்லை.

ஆனால் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் தொடர்ந்து ஆடினார். பிறகு கெம்பிளாஸ்ட் நிறுவனத்தின் ஜாலி ரோவர்ஸ் அணியைக் கவனித்துக்கொண்டு, இளம் ஆட்டக்காரர்களை வளர்த்தார். டெஸ்ட் கணக்கைவிட இந்த வேலையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பட்டம் பெறும் பிள்ளைகளே, தேயிலைத் தோட்டத்து வீடுகளிலிருந்தும் காய்கறித் தோட்டங்களிலிருந்தும் படித்து மேலே வந்தவர்கள் நீங்கள். கோலாலம்பூரில் நேர்முகத் தேர்வுக்குப் போனால், ஒரே இடத்துக்கான பட்டியலில் ரெட்டியைப் போல உங்கள் பெயரும் இரண்டாவதாக இருக்கலாம். மூன்று மாத ஒப்பந்த வேலைக்கு அழைத்தாலும் போங்கள். அழைப்பு வரும்வரை வீட்டில் முடங்க வேண்டாம். இங்குள்ள கோலா தெர்லா தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கணக்கு சொல்லிக்கொடுங்கள். உங்கள் படிப்பும் பழக்கம் விட்டுப்போகாது.