களவுபோன நடராசரும் ஒரு பழைய புகைப்படமும்

நாவலும் கவிதையுமே பேசிவந்த எமது மறிச்சுக்கட்டி நூலக வாசகர் வட்டம் அண்மையில் உண்மைக் களவொன்றின் வரலாற்றைப் பேசியது. எடுத்துக்கொண்ட நூல், எஸ். விஜயகுமார் ஆங்கிலத்தில் எழுதி 2018இல் வெளிவந்த 'தி ஐடல் தீஃப்'. தமிழில் 'சிலைக் கள்வன்' எனலாம்.

தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்றொரு சிற்றூர். அங்குள்ள சோழர்காலச் சிவன் கோயிலில் பூசை நின்று, கதவு பூட்டிக் கிடந்தது. 2006இல் கள்வர் உட்புகுந்து நடராசர் திருமேனியைக் கடத்தினர். களவு வெளிப்பட்டதோ 2008இல். அதே ஆண்டில் அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் நியூயோர்க் வணிகர் சுபாஷ் கபூரிடம் அச்சிலையை ஐம்பது இலட்சம் அமெரிக்க டொலருக்கு வாங்கியது. தொல்பொருள்களை வெளியே கொண்டுசெல்வதைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்துக்கு முன்பே சிலை நாட்டைவிட்டுப் போனதாகக் காட்டும் பொய்ப் பத்திரமும் உடன் இருந்தது.

அந்தப் பொய்யை உடைத்தது ஒரு புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1994இல் அக்கோயிலில் எடுத்து வைத்திருந்த படம் அது. 1971இல் வெளியேறிய சிலை 1994இல் கோயிலில் நின்றது எப்படி? விடை சொல்ல எவராலும் இயலவில்லை. 2014 செப்டெம்பரில் அவுஸ்திரேலியப் பிரதமர் டோனி அபொட் டில்லியில் சிலையை ஒப்படைத்தார். வேறொரு கோயிற் சிலைக்களவு வழக்கில் கபூருக்கு 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது.

வட்டத்தில் மூத்த வாசகர் ஒருவர் கேட்டார்: "விளக்கேற்ற ஆளில்லாத கோயிலில் கிடந்ததிலும் பார்க்க, கன்பராவில் நாலு பேர் பார்த்தது மேலல்லவா?" எதிரே இருந்த இளம் பெண் சொன்னார்: "ஆளில்லாத வீடெண்டா கதவ உடைக்கலாமா, காக்கா?"

பிறகு சற்றுநேரம் எவரும் பேசவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கதவைச் சாத்திவிட்டுப் போனவர்களும் அவர்தம் பிள்ளைகளுமே அங்கே கூடுதலாக இருந்தார்கள். பல்லாண்டு கழித்துத் திரும்பியோர் கண்டது காடேறிய வளவுகளை. பெட்டகம், பித்தளைக் குத்துவிளக்கு, கையெழுத்துக் கிதாபு எல்லாம் போயின. என்னென்ன போயின என்று காட்ட ஒரு படமோ பட்டியலோ அநேகரிடம் இல்லை.

இத்தனைக்கும் கணக்கு வைப்பது இக்கரைக்குப் புதிதன்று. 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பிகள் எட்டுக் கோடிக்கு மேல் என அன்றைய ஆட்சியாளர் எண்ணி எழுதிவைத்தனர். விலைபோகும் பொருள் என்பதால் எண்ணினர். நமக்கு மதிப்புள்ளவற்றை நாமல்லவா எண்ண வேண்டும்?

ஸ்ரீபுரந்தான் நடராசருக்குக் காவலர் இருக்கவில்லை. சாட்சி ஒன்று இருந்தது. ஆகவே நேயர்களே, உங்கள் ஊர்க் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், வீடு எங்கும் உள்ள பழம்பொருள்களைப் படம் எடுங்கள். நீளம், அகலம், உடைமையாளர் பெயர் எழுதுங்கள். ஒரு பிரதியை வேற்றூரிலும் வைத்திருங்கள். எமது வட்டம் ஒரு பேரேட்டைத் திறந்திருக்கிறது. அதன் முதற்பக்கத்தில், புத்தளத்துக்கும் போய்த் திரும்பிவந்த ஒரு செம்புக் குடம் இடம்பெற்றுள்ளது.